சிடி ஸ்கேனில் "கூம்புச் சுரப்பியில் சுண்ணாம்புப் படிவு" என்று வந்திருக்கிறது. தூக்கம் போனதற்கு இதுதான் காரணமா?

#1 விழித்திருப்பவன்

வணக்கம் நண்பர்களே. பல மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல்முறையாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 43. கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஒன்பது வருடமாகச் சுழற்சிப் பணி, கடைசி இரண்டு வருடம் இரவுப் பணிதான் அதிகம். முன்பெல்லாம் காலையில் வந்து படுத்தால் அடித்துப்போட்ட மாதிரி ஏழு மணி நேரம் தூங்குவேன். இப்போது நாலு மணி நேரம் தாண்டுவதே அபூர்வம். விடுமுறை நாளில் இரவு பத்து மணிக்குப் படுத்தாலும் இரண்டு மணி வரை கண் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்கிறேன். எடை ஏறிவிட்டது. எப்போதும் ஒரு அசதி.

தலைவலிக்காகச் சிடி எடுத்தார்கள். மூளையில் வேறு எதுவும் இல்லை, ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் தலைப்பில் சொன்னது இருந்தது. மூளையின் நடுவில் உள்ள சின்னச் சுரப்பியாம் அது, ஆங்கிலத்தில் பீனியல் என்கிறார்கள். மருத்துவர் "அது ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன், அங்கேதான் பயம் பிடித்தது. சுரப்பி கல்லாகிவிட்டது, அது இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் நின்றுவிடும், அதோடு எல்லா ஹார்மோனும் சரியும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

என் சுரப்பி செத்துவிட்டதா? தைராய்டு, ஆண் ஹார்மோன் எல்லாம் இதனால் போகுமா? மெலடோனின் 10 மி.கி. மாத்திரை ஒரு மாதமாகப் போடுகிறேன், பலன் இல்லை. அளவைக் கூட்டலாமா?

#2 வெண்தாரகை

சகோ, முதலில் மூச்சு விடுங்கள். கதிரியக்கப் பிரிவில் செவிலியராகப் பதினான்கு வருடம் இருந்தவள் நான். வளர்ந்தவர்களின் சிடியில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் இந்தப் படிவு தெரியும். நரை முடி மாதிரி ஒரு வயதுக் குறி. ஸ்கேன் கருவிகள் வராத காலத்தில், சாதாரண எக்ஸ்ரேயில் இந்த வெள்ளைப் புள்ளி நடுக்கோட்டில் இருக்கிறதா, ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் மூளைக்குள் கட்டியோ ரத்தக் கசிவோ தள்ளுகிறதா என்று கணிப்பார்களாம். அந்த அளவுக்குச் சகஜமான புள்ளி அது.

கவலைப்பட வேண்டிய நிலைமைகள் வேறு. சின்னக் குழந்தைக்குப் படிவு தெரிவது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதாக இருப்பது, சுரப்பியே வீங்கிக் கட்டி போல இருப்பது, காலைத் தலைவலியோடு வாந்தி வருவது, கண்ணை மேலே தூக்கிப் பார்க்க முடியாமல் போவது. இதில் எதுவும் உங்களுக்கு இல்லை என்றால் அந்த வரியை விட்டுவிடுங்கள்.

#3 பழைய வாத்தியார்

உடலியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். தம்பி கேட்ட கேள்விக்குச் சுரப்பியிலிருந்து ஆரம்பித்தால் புரியாது, கண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

விழித்திரையில் கூம்பு செல், கோல் செல் என்று இரண்டுதான் ஒளியை உணரும் என்று நாங்கள் படித்தோம், பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தோம். 2002இல் டேவிட் பெர்சன் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் மூன்றாவது ஒரு வகையைக் காட்டினார்கள். மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட நரம்பு செல்கள். இவற்றின் முக்கிய வேலை படம் பார்ப்பது அன்று, வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று அளப்பது. ஏறக்குறைய 480 நானோமீட்டர், அதாவது நீல ஒளிக்குத்தான் இவை அதிகம் துடிக்கும்.

இந்தச் சேதி, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் இருக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டத்துக்குப் போகிறது. சுமார் 20,000 செல்கள். உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். மனிதர்களில் அதன் சொந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அதனால் தினமும் ஒளியால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி வருவதுதான் எனக்கு இன்றும் வியப்பு. கடிகாரத்துக்கும் கூம்புச் சுரப்பிக்கும் இடையே நேர்த் தூரம் சில சென்டிமீட்டர்தான். ஆனால் கட்டளை நேராகப் போவதில்லை. மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கி, மார்புப் பகுதி வரை போய், அங்கிருந்து வெளியேறிக் கழுத்தில் உள்ள மேல் நரம்பு முடிச்சுக்கு ஏறி, மறுபடி தலைக்குள் நுழைந்துதான் சுரப்பியைத் தொடுகிறது. கழுத்துத் தண்டுவடம் முழுதாக அறுபட்டவர்களுக்குச் சுரப்பி நலமாக இருந்தும் இரவு மெலடோனின் வராமல் போவது இதனால்தான். நரம்பின் கடைசி முனையில் நார்அட்ரினலின் என்ற ரசாயனத் தூது சுரந்து, அதை வாங்கிக்கொள்ளும் சுரப்பியின் பீட்டா ஏற்பிகளில் படும். அப்போதுதான் உணவிலிருந்து வரும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து செரோடோனின், அதிலிருந்து மெலடோனின் என்ற வேலை முடுக்கம் பெறும். பகலில் கடிகாரம் இந்தக் கம்பியை அமுக்கி வைக்கிறது. இருட்டானதும் கை எடுக்கிறது. படுக்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே ரத்தத்தில் ஏறத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் உச்சம் தொட்டு, விடியலில் இறங்கிவிடும்.

சரி, இது தூக்க ஹார்மோனா? எலியைப் பாருங்கள். இரவு முழுக்க ஓடித் திரியும் பிராணி. அதற்கும் மெலடோனின் இரவில்தான் ஏறுகிறது. தூக்க ஹார்மோன் என்றால் எலி இரவில் தூங்க வேண்டுமே? செம்மறியாட்டுக்கு இரவு நீளும் பருவத்தில் இனப்பெருக்கம், வெள்ளெலிக்குப் பகல் நீளும் பருவத்தில். இரண்டுக்கும் ஒரே மெலடோனின்தான், ஒரே சேதிதான்: "இரவு இவ்வளவு நேரம்." அதைக் கேட்டு அந்தந்த உடம்பு தன் வழியில் நடக்கிறது. மனித உடம்பு "அப்படியானால் ஓய்வு" என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே இதை இருளின் ஹார்மோன் என்று சொல்வதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

தம்பி, உங்கள் பிரச்சினையைச் சுரப்பியில் தேடுவதற்கு முன்னால், சுரப்பிக்கு "இப்போது இரவு" என்று யாராவது ஒழுங்காகச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஒன்பது வருடமாக உங்கள் கண் அதற்குக் குழப்பமான சேதியைத்தான் அனுப்பியிருக்கிறது.

#4 தெளிநீர்

வாத்தியார் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் படிவை இவ்வளவு லேசாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கூம்புச் சுரப்பியில் ஃப்ளூரைடு சேர்கிறது என்று ஆய்வே இருக்கிறது. நான் எட்டு மாதமாகப் படிவு கரைக்கும் மூலிகைச் சொட்டு எடுக்கிறேன், ஃப்ளூரைடு பற்பசையையும் விட்டுவிட்டேன். கனவுகள் தெளிவாக வருகின்றன, தூக்கம் ஆழமாகியிருக்கிறது. நம் முன்னோர் நெற்றிக்கண் என்று சொன்னது இந்த இடத்தைத்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அனுபவத்தையும் கொஞ்சம் மதிக்கலாமே.

#5 பழைய வாத்தியார்

தெளிநீர், உங்கள் அனுபவத்தை மறுக்க நான் யார். நன்றாகத் தூங்குகிறீர்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் காரணம் எது என்பதில் நாம் நேர்மையாக இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் ஆய்வு 2001இல் ஜெனிஃபர் லூக் செய்தது. இறந்துபோன 11 முதியவர்களின் சுரப்பியை எடுத்து அளந்தார். ஃப்ளூரைடு இருந்தது, உண்மை. அந்தப் படிவு எலும்பிலும் பல்லிலும் உள்ள அதே வகைக் கால்சியம் பாஸ்பேட். ஃப்ளூரைடு அதில் ஒட்டும், அது வேதியியல். ஆனால் அந்த 11 பேர் உயிரோடு இருந்தபோது எப்படித் தூங்கினார்கள், எவ்வளவு மெலடோனின் சுரந்தார்கள் என்பது அந்த ஆய்வில் இல்லை. அதிலிருந்து "ஃப்ளூரைடு தூக்கத்தைக் கெடுக்கிறது" என்று தாவ முடியாது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு படியாமல் மிச்சம் இருக்கும் திசு எவ்வளவு என்பதற்கும் மெலடோனின் அளவுக்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே படிவுக்குப் பொருளே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். சுரப்பியே 100 முதல் 150 மில்லிகிராம்தான். அதில் ஒரு மூலையில் மணல் சேர்ந்தால் மீதி வேலை செய்யும். ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிவது "படிவு உண்டு" என்பதைத்தான் காட்டும், "வேலை நின்றது" என்பதைக் காட்டாது. அதைக் கரைத்துக் காட்டிய சொட்டோ பொடியோ எதுவும் இல்லை. விற்பவர்கள் ஸ்கேன் முன், ஸ்கேன் பின் என்று காட்டட்டும், நானே முதல் ஆளாக வாங்குகிறேன்.

நெற்றிக்கண் பற்றி. டுவாட்டாரா என்ற ஊர்வனவுக்கும் சில பல்லி இனங்களுக்கும் உச்சந்தலையில் நிஜமாகவே ஒளி உணரும் மூன்றாவது கண் உண்டு, கூம்புச் சுரப்பியின் உறவு உறுப்பு அது. மீனுக்கும் தவளைக்கும் சுரப்பியே ஒளியை உணரும். பாலூட்டிகளில் அந்தத் திறன் போய்விட்டது, கண் வழியாகத்தான் சேதி வர வேண்டும். பிரெஞ்சுத் தத்துவஞானி தேகார்த் 1649இல் ஆன்மாவின் இருக்கை இதுதான் என்று எழுதினார், மூளையில் இரட்டையாக இல்லாமல் ஒற்றையாக இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தச் சிறு உறுப்பு மனிதர்களின் கற்பனையைத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது. ஆன்மிகத்தில் நெற்றிக்கண்ணுக்கு உள்ள பொருளை நான் தொட மாட்டேன். அதற்கு ஒரு சுரப்பியின் சான்று தேவையில்லை.

#6 தெளிநீர்

பற்பசை விஷயத்தில் யோசிக்க வைத்துவிட்டீர்கள் ஐயா. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: சொட்டு ஆரம்பித்த அதே வாரம்தான் இரவு ஒன்பதுக்குப் பிறகு செல்போனை அணைத்து வைக்கும் பழக்கமும் தொடங்கினேன். எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்கவில்லை. சொட்டை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன்.

#7 கண்மணியின் அம்மா

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு 15 வயது. பன்னிரண்டு மணிக்கு முன் தூங்குவதில்லை, காலையில் எழுப்ப ஒரு போராட்டம். சோம்பேறி என்று திட்டிக்கொண்டே இருக்கிறேன். வாத்தியார் சொன்னதைப் படித்ததும் சந்தேகம் வந்தது. இதிலும் மெலடோனின் இருக்கிறதா?

#8 நாளமில்லாச் சுரப்பி

அக்கா, திட்டுவதைக் குறைக்கலாம். பூப்புப் பருவத்தில் உயிர்க்கடிகாரமே பின்னால் நகர்கிறது, மாலையில் மெலடோனின் ஏறும் நேரம் தள்ளிப்போகிறது. பத்து மணிக்கு உங்கள் உடம்பு "இரவு" என்று சொல்லும்போது அவள் உடம்பு இன்னும் "மாலை" என்கிறது. இதனால்தான் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அகாடமி 2014இல் பரிந்துரைத்தது.

அதற்காகக் கைவிட வேண்டாம். எழுந்த உடனே அரை மணி நேரம் வெளி வெளிச்சம், இரவில் மங்கிய விளக்கு, விடுமுறை நாளில் மதியம் வரை தூங்க விடாமல் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்குள் எழுப்புவது. மாத்திரையை நீங்களாகத் தொடங்காதீர்கள்.

விழித்திருப்பவன், உங்கள் ஹார்மோன் கேள்விக்கு வருகிறேன். நாளமில்லாச் சுரப்பி மருத்துவத்தில்தான் இருக்கிறேன்.

கூம்புச் சுரப்பி மற்றச் சுரப்பிகளுக்கு எஜமான் என்று இணையத்தில் எழுதுவது சரியில்லை. தைராய்டையும் விதைப்பையையும் அட்ரினலையும் நடத்துவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. இரவில் நடக்கும் ஹார்மோன் ஏற்ற இறக்கங்களை இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன: ஒன்று கடிகாரம், இன்னொன்று தூக்கம். உடம்பை விழிப்புக்குத் தயார்ப்படுத்தும் கார்டிசால் பெரும்பாலும் கடிகாரத்தின் பிடியில். நீங்கள் தூங்கினாலும் விழித்தாலும் விடியலை ஒட்டி ஏறும். இரவுப் பணி முடிந்து காலை எட்டுக்குப் படுக்கும்போது உங்கள் கார்டிசால் உச்சத்தில் இருக்கும், உடல் வெப்பமும் ஏறிக்கொண்டிருக்கும், நாலு மணி நேரத்தில் விழிப்பு வருவதற்கு இது பெரிய காரணம். வளர்ச்சி ஹார்மோன் முக்கியமாக ஆழ்ந்த தூக்கத்தின் பிடியில், தூங்கிய முதல் சில மணி நேரத்தில் பெரிய அலையாக வரும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் மாலையிலிருந்து ஏறும், தூக்கம் அதை அடக்கி வைக்கும்.

ஆண் ஹார்மோன் தூக்கத்தோடு ஏறும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. அவர்களின் கூம்புச் சுரப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, தூக்கம்தான் பறிபோனது. 1999இல் 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணி நேரம் தூங்க வைத்தபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கண்கூடாகக் குறைந்தது. உங்கள் எடைக்கும் அசதிக்கும் இந்த வழியில்தான் காரணம் தேடுவேன்.

மெலடோனின் நேராகத் தொடும் ஒரு இடம் கணையம். இன்சுலின் சுரக்கும் செல்களில் மெலடோனின் ஏற்பி உண்டு. அந்த ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரு மாறுபாட்டுக்கும் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் தொடர்பு 2009இல் வெளியானது. மெலடோனின் ஏறியிருக்கும் நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறுகிறது. ஆகவே நள்ளிரவுச் சாப்பாட்டைப் பணிக்கு முன்னால் மாற்றுங்கள். பணியின் நடுவே சிறிதாக ஏதாவது போதும்.

பூப்பு பற்றியும் பயமுறுத்துவார்கள். 1898இல் ஹாய்ப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர், கூம்புச் சுரப்பியில் கட்டி இருந்த ஒரு சிறுவனுக்கு மிகச் சின்ன வயதிலேயே பூப்பு வந்ததை எழுதினார். இந்தச் சுரப்பி ஹார்மோன்களை அடக்கி வைக்கிறது என்ற எண்ணத்துக்கு அது ஒரு தொடக்கம். இப்படிப்பட்ட கட்டிகளில் சில, கருக்காலத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோனைத் தாமே சுரந்து விதைப்பையைத் தூண்டிவிடுகின்றன என்பது பிறகு தெரிந்தது. வயதுப் படிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முக்கியமாக ஒன்று: ரத்தப் பரிசோதனைக்குப் போனால் "நான் இரவுப் பணி, இத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தேன்" என்று எழுதிக் கொடுங்கள். கார்டிசாலுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் போட்டிருக்கும் அளவுகோல், இரவு தூங்கிக் காலையில் ரத்தம் கொடுப்பவருக்கானது.

#9 தங்கைக்காக

என் தங்கைக்குச் சிறு வயதிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டது. அவள் தூக்கம் ஒரு புதிர். பத்து நாள் நன்றாகத் தூங்குவாள், அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய் ஒரு கட்டத்தில் பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பாள். மறுபடி சுற்றி வந்து சரியாகும். மனக்கவலை என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒரு தூக்க மருத்துவர்தான் ஆறு வாரம் தூங்கி எழும் நேரத்தைக் குறிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கடிகாரத்தைத் திருத்தும் ஒளிச் சேதி வரவில்லை, அது தன் போக்கில் 24 மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது என்று.

தினமும் ஒரே மணிக்கு மிகச் சிறிய அளவு மெலடோனின் கொடுத்தார். பிடித்து நிற்க இரண்டு மாதம் ஆனது. இப்போது பதினோரு மணிக்குத் தூங்குகிறாள். வாத்தியார் "சேதி" என்று சொன்னதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சேதியை மாத்திரைதான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

#10 பழைய வாத்தியார்

இதைப் பகிர்ந்ததற்கு நன்றி. 1995இல் தூக்க ஆய்வாளர் சார்லஸ் சைஸ்லரின் குழு ஒன்று காட்டியது: முழுப் பார்வையற்றவர்களில் சிலருக்குக் கண்ணில் வெளிச்சம் படும்போது மெலடோனின் இறங்குகிறது. படம் தெரியாவிட்டாலும் வெளிச்சம் அளக்கும் வழி அவர்களுக்குப் பிழைத்திருக்கிறது. ஏழு வருடம் கழித்துத்தான் அந்த மூன்றாவது வகை செல் வெளிப்பட்டது. பார்வை இல்லாத கண்ணை அகற்றுவதற்கு முன் மருத்துவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

#11 மருந்துக்கட்டு

மருந்தாளுநர். மாத்திரை பற்றி மட்டும் பேசுகிறேன்.

10 மி.கி. என்பது இரவில் உடம்பு தானே சுரப்பதைவிடப் பல மடங்கு. சுமார் 0.3 மி.கி. வாய்வழி கொடுத்தாலே ரத்தத்தில் இயல்பான இரவு அளவு வந்துவிடும் என்று காட்டியிருக்கிறார்கள். ரத்தத்தில் அதன் பாதி ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அளவைக் கூட்டினால் சேதி சத்தமாகாது, தவறான நேரத்துக்கும் நீண்டு மங்கலாகும். தூக்கக் கோளாறுகளுக்கு மெலடோனின் கொடுத்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013 தொகுப்பில், தூங்கத் தொடங்கும் நேரம் சராசரியாக ஏழு நிமிடம் முன்னால் வந்தது, மொத்தத் தூக்கம் எட்டு நிமிடம் கூடியது. அவ்வளவுதான். கடிகாரம் இடம் மாறியவர்களுக்கு, பல நேர மண்டலம் கடந்து பறந்தவர்களுக்கு, மேலே சொன்ன சகோதரிக்கு, இதன் பயன் பெரிது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகத் தூக்கத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி) அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

புட்டியில் எழுதியதை அப்படியே நம்பவும் முடியாது. கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்த 2017 ஆய்வில், எழுதியதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. கால்வாசித் தயாரிப்புகளில் செரோடோனினும் கலந்திருந்தது.

அப்புறம் நேரம். மாலையில் போட்டால் கடிகாரம் முன்னால் வரும், தூக்கம் சீக்கிரமாகும்; காலையில் போட்டால் பின்னால் போகும், தூக்கம் தள்ளிப்போகும். விழித்திருப்பவன் அவர்களே, பணி நாளில் காலை எட்டுக்கும் விடுமுறை நாளில் இரவு பத்துக்கும் போடுகிறீர்களா? அப்படியானால் கடிகாரத்தை ஒரு வாரம் ஒரு பக்கமும் அடுத்த வாரம் எதிர்ப்பக்கமும் இழுக்கிறீர்கள்.

கடைசியாக, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே. எல்லாவற்றையும் எழுதுங்கள். ஃப்ளூவாக்சமின் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு மெலடோனின் ரத்தத்தில் பல மடங்கு ஏறும்.

#12 விழித்திருப்பவன்

ஆம், அப்படித்தான் போட்டேன். படுக்கும்போதெல்லாம் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

வேறு மருந்து என்றால் ஒற்றைத் தலைவலி வராமல் இருக்க ப்ரோப்ரனலால், ஒன்றரை வருடமாக. வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. படுக்கும் முன் ஒரு முறையும் எழுந்ததும் ஒரு முறையும். அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

#13 மருந்துக்கட்டு

இருக்கிறது. வாத்தியார் #3இல் எழுதியதை மறுபடி படியுங்கள்: நரம்பு முனையில் நார்அட்ரினலின் சுரந்து சுரப்பியின் பீட்டா ஏற்பியில் படுகிறது. ப்ரோப்ரனலால் என்ன? பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்து. இதயத்திலும் ரத்தக் குழாயிலும் அடைப்பது போலவே கூம்புச் சுரப்பியின் வாசலிலும் அடைக்கிறது. கடிகாரம் ஒழுங்காகக் கட்டளை அனுப்பினாலும் கதவு திறக்காது. இரவு மெலடோனின் குறையும். இந்த வகை மருந்து எடுப்பவர்கள் சிலர் தூக்கக் குறைவு, கெட்ட கனவு என்று சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். ரத்த அழுத்தத்துக்காக இவ்வகை மருந்து எடுத்த 16 பேருக்கு 2.5 மி.கி. மெலடோனின் மூன்று வாரம் கொடுத்துப் பார்த்த 2012 ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 36 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் சொல்லும் திசை தெளிவு.

தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதைத் திடீரென்று விட்டால் படபடப்பும் ரத்த அழுத்தமும் எகிறும், இதயத்துக்கு ஆபத்து. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தூக்கக் கணக்கோடு போங்கள். தலைவலித் தடுப்புக்கு வேறு வகை மருந்துகள் உண்டு, நேரத்தை மாற்றவும் இடம் உண்டு.

#14 வெண்தாரகை

இதை நான் கேட்டிருக்க வேண்டும். "படிவு" என்ற வார்த்தையிலேயே நாங்கள் எல்லோரும் நின்றுவிட்டோம்.

சகோ, நானும் இரவுப் பணி செய்தவள். பணியின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் இருங்கள், கடைசி இரண்டு மூன்று மணி நேரம் முடிந்த அளவு மங்கலாக்குங்கள். வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி, ஆனால் நீங்களே வண்டி ஓட்டினால் வேண்டாம், கண் சொருகிவிடும். படுக்கும் அறையில் கை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு வேண்டும். வீட்டுக்குள் சாதாரண விளக்கின் 200 லக்ஸுக்கும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறைவான வெளிச்சமே மெலடோனின் ஏறுவதைத் தள்ளிப்போடும் என்று காட்டியிருக்கிறார்கள். நண்பகல் வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். திரைச்சீலை ஓரத்தில் கசிவதே போதும், உறக்கம் கலைய.

#15 கண்மணியின் அம்மா

பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். காலையில் அவளோடு நானும் நடக்கிறேன். இரவில் கூடத்து விளக்கைக் குறைத்துவிட்டோம். பன்னிரண்டு மணி பதினொன்றேகால் ஆகியிருக்கிறது. "அம்மா, நான் சோம்பேறி இல்லை என்று முதலிலேயே சொன்னேனே" என்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

#16 விழித்திருப்பவன்

ஏழு வாரம் கழித்து வருகிறேன். உதவியவர்களுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

தூக்கக் கணக்கை இரண்டு வாரம் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோனேன். இந்த முறை உட்கார்ந்து கேட்டார். ப்ரோப்ரனலாலைப் படிப்படியாகக் குறைத்து நாலு வாரத்தில் நிறுத்தினோம், வேறு வகை மருந்துக்கு மாறியிருக்கிறேன். இடையில் இரண்டு முறை தலைவலி வந்தது, தாங்கும்படி இருந்தது. மெலடோனினை முழுக்க விட்டுவிட்டேன்.

தைராய்டு சரியாக இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் முதலில் குறைவு என்று வந்தது, இரவுப் பணி முடித்து நேராகப் போய்க் கொடுத்த ரத்தம் அது. டாக்டர் சொன்னபடி தூக்க விவரத்தை எழுதிக்கொடுத்து, விடுமுறையில் மூன்று இரவு தூங்கிய பின் மறுபடி கொடுத்தேன். இயல்பு அளவுக்குள் வந்தது. சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. சாப்பாட்டைப் பணிக்கு முன்னால் மாற்றி மூன்று வாரம் ஆகிறது, மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி அடித்தேன். பகல் தூக்கம் நாலு மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை வந்திருக்கிறது. விடுமுறை இரவில் பதினொன்றரைக்குள் தூங்கிவிடுகிறேன். பணி சுழலும் முதல் இரண்டு நாள் இன்னும் மோசம்தான், அதற்கு மாற்று எதுவும் கிடைக்கவில்லை. நிர்வாகத்திடம் வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதை விட்டு, பகல், மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழலும்படி கேட்டிருக்கிறோம், நாங்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு.

#17 பழைய வாத்தியார்

தம்பி, முன்னோக்கிச் சுழற்சி நல்ல கோரிக்கை. கடிகாரத்தின் சொந்தச் சுற்று 24 மணியைவிடக் கூடுதல் என்று சொன்னேன் அல்லவா, அதனால் தூக்கத்தைப் பின்னால் தள்ளிப்போடுவது உடம்புக்கு எளிது, முன்னால் இழுப்பது கடினம். பகல், மாலை, இரவு என்ற சுழற்சியில் பணி ஒவ்வொரு முறையும் தாமதமாகத்தான் தொடங்கும், எளிதான பக்கம் அதுதான். கோரிக்கைக் கடிதத்தில் இந்தக் காரணத்தையும் ஒரு வரி சேருங்கள். இரவுப் பணியோடு கூடிய சுழற்சியைப் "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்ற 2ஏ வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வைத்தது, 2019இல் மறுபடி ஆராய்ந்தும் அதே வகையில்தான் வைத்தது. அதையும் எழுதுங்கள். வரைவை இங்கே போட்டால் பார்த்துத் தருகிறேன்.

#18 விழித்திருப்பவன்

நாளை காலை பணி முடிந்து வந்ததும், இல்லை, தூங்கி எழுந்ததும் போடுகிறேன் ஐயா.